பருவமழை விடைபெற்ற பின் பெய்த மழை

அந்தச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்: எங்கள் வானிலைப் பிரிவின் தலைவர் பத்மநாபன் சார், தட்டச்சர் கிரேஸ் மேடம், நான். இருந்திருக்க வேண்டியவர், மூத்த உதவியாளர் தாமோதரன். சார் வெளியூர் போனால் கையெழுத்துப் போடும் அதிகாரம் அவருக்கு மட்டும்தான் உண்டு. மகளுக்குப் பிரசவம் என்று திருத்தணிக்குப் போயிருந்தார். இல்லாதவர்கள் பட்டியலில் இன்னும் சிலரையும் சேர்க்க வேண்டும். எங்கள் ஊரில் நெல் முற்றி, அரிவாளுக்குக் காத்திருந்த இருபது இருபத்தைந்து குடும்பங்கள். அவர்களை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. ஆனால் அவர்களுக்காகத்தான் அந்தப் பிரிவே நடக்கிறது என்று வாசல் பலகையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

நான் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகின்றன. பிரிவில் இப்போதிருக்கும் பிள்ளைகள் ஒரு மலர் போடுகிறார்களாம். அதற்குக் கட்டுரை கேட்டு வந்த பெண், "சார், உங்க காலத்துல மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு கலர் எதுவும் கிடையாதே, எப்படி எச்சரிக்கை குடுத்தீங்க?" என்றாள். "குடுக்கலம்மா" என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

என் அப்பாவும் அம்மாவும் செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் பிறத்தியார் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆவடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் படித்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில், பூந்தமல்லிக்கு அப்பால் நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு ஆராய்ச்சிப் பண்ணையின் வானிலைப் பிரிவில் உதவியாளனாகச் சேர்ந்தேன். பண்ணையின் பெயர் வேண்டாம். வெளி மாநிலத்தில் நான்கு மாதம் பயிற்சி. மேகங்களுக்கு லத்தீனில் பெயர் சொல்லக் கற்றுக்கொண்டேன், சப்பாத்தி தின்னக் கற்றுக்கொண்டேன். பயிற்சி பற்றிச் சொல்ல அவ்வளவுதான்.

எங்கள் வேலை, வட கடலோர மாவட்டங்களின் விவசாயிகளுக்கு வரும் ஒரு வாரத்து வானிலையை எழுதுவது. செவ்வாய்க்கிழமை எழுதுவோம். அன்று மாலையே வானொலியில் விவசாய நிகழ்ச்சியில் படிப்பார்கள். ஊரில் டீக்கடை ரேடியோவைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். "வானிலை முன்னோட்டம்" என்று அறிவிப்பாளர் தொடங்கியதும் யாராவது ஒருவர், "சும்மா இருங்கடா, நம்ம ஏகா எழுதனதப் படிக்கறான்" என்பாராம். ஏகாம்பரம் என்ற என் பெயரை வானொலியில் ஒருநாளும் சொன்னதில்லை. இருந்தாலும் ஊருக்கு அது என் குரல். அந்தப் பெருமையை நானும் மறுக்கவில்லை. யார் மறுப்பார்கள்?

முன்னோட்டம் எழுதும் முறையை இப்போதுள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும். காலை எட்டரைக்கு ஒரிசாக் கரையிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும், அந்தமான் தீவுகளிலும், எல்லா நிலையங்களிலும் ஒரே நேரத்தில் கருவிகளைப் பார்ப்பார்கள். அந்த எண்கள் டெலிபிரிண்டரில் வரும். நான் அவற்றைப் பெரிய வரைபடத்தில் ஊர் ஊராக ஏற்றுவேன். காற்றழுத்தம் கறுப்பு மையில், நேற்றைக்கு இன்று எவ்வளவு கூடியது, குறைந்தது என்பது சிவப்பு மையில். பிறகு ஒரே அழுத்தமுள்ள ஊர்களைப் பென்சில் கோட்டால் இணைப்பேன். கடலில் நிலையங்கள் கிடையாது. எப்போதாவது ஒரு கப்பல் எண் அனுப்பும். மீதிக் கடல் முழுவதும் நம் கை எப்படிப் போகிறதோ அப்படி.

கோடு முடிந்ததும் வார்த்தை. எங்களிடம் இருந்தவை நான்கே நான்கு: ஓரிரு இடங்களில், சில இடங்களில், பல இடங்களில், பெரும்பாலான இடங்களில். மழைமானி உள்ள ஊர்களில் கால்வாசிக்கும் கீழே நனைந்தால் ஓரிரு. அதற்கு மேலே போனால் சில, பாதியைத் தாண்டினால் பல, அப்படியே ஏறிக்கொண்டு போகும். இந்த ஏணியில் எந்தப் படியில் நிற்பது என்பதுதான் செவ்வாய்க்கிழமைக் கூட்டம்.

பத்மநாபன் சாருக்குத் தொழில் தெரியாது என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அவரைப் போல வரைபடத்தைப் படித்தவரை நான் பார்த்ததில்லை. குரல் உயர்த்த மாட்டார். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. என் வரைபடத்தின் முன் உட்கார்ந்ததும் பென்சில் கேட்கமாட்டார், ரப்பர் கேட்பார். என் கோடுகளில் ஒன்றைச் சுண்டுவிரலால் தொட்டு, "இது எதுக்கு இவ்ளோ அவசரப்படுது?" என்பார். அழித்து, கொஞ்சம் தளர்த்தி, தானே போடுவார். பெரும்பாலும் அவர் போட்ட கோடுதான் சரியாக இருக்கும். அதற்குப் பிறகு நான் எழுதிய வாக்கியத்தை உரக்கப் படிப்பார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, ஒவ்வொரு வாரமும் அதே கேள்வி கேட்பார்:

"இதுல நாம எங்க மாட்டுவோம்?"

விவசாயி எங்கே மாட்டுவான் என்று கேட்டதில்லை. முதல் இரண்டு வருடம் எனக்கு அந்த வித்தியாசம் உறைக்கவில்லை. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி, மாட்டாத வாக்கியம் எழுதுவதில் தேறிவிட்டேன். "நீ முன்னுக்கு வருவே ஏகாம்பரம்" என்று ஒருமுறை சொன்னார். மாதக்கணக்கில் அந்த வார்த்தையில் மிதந்தேன்.

இனி அந்த வாரம்.

பொங்கலுக்கு முன்னால் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து சாரைப் பேட்டி கண்டார். வடகிழக்குப் பருவமழை விடைபெற்றது, இனி வறண்ட வானிலைதான், விவசாயிகள் தயங்காமல் அறுவடை செய்யலாம் என்று சார் சொன்னது படத்தோடு வந்தது. சார் அந்தத் துண்டை வெட்டி, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். தப்பில்லை. யாருக்கும் ஆசை இருக்கும். மழை போய்விட்டது என்று எங்கள் பிரிவு அறிவித்துவிட்டால், அந்த வருடத்துக்குப் 'பலத்த மழை' என்ற சொல்லையே எங்கள் தட்டச்சு இயந்திரம் மறந்துவிட வேண்டும். அது எழுதி வைத்த விதி ஒன்றும் இல்லை, பிரிவின் பழக்கம். திரும்ப எழுதினால், விடைபெற்றதாகச் சொன்னது பொய் என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகும்.

பொங்கல் கழிந்த செவ்வாய்க்கிழமை, அந்தமானுக்குத் தெற்கே அழுத்தம் குறைந்திருந்தது. ஒரு கப்பல் கீழைக்காற்று பலமாக வீசுவதாகச் சொல்லியிருந்தது. நான் கோடுகளை அங்கே நெருக்கிப் போட்டு, வார இறுதியில் வட கடலோரத்தில் பல இடங்களில் மழை, சில இடங்களில் பலத்த மழை என்று எழுதியிருந்தேன்.

சார் படித்தார். ரப்பரை எடுக்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"தை மாசத்துல?"

"சிவப்பு எண்ணப் பாருங்க சார். நேத்தைக்கும் இறங்கியிருக்கு, இன்னைக்கும் இறங்கியிருக்கு. மேற்கே நகர்ந்தா நம்ம கரைதான்."

"நகர்ந்தா."

"நகர்ற மாதிரிதான் சார் தெரியுது."

"எனக்கும் தெரியுது" என்றார். இதை நான் இன்றுவரை மறக்கவில்லை. எனக்கும் தெரியுது என்றுதான் சொன்னார். "ஆனா பருவமழை போயிடுச்சு. நான் சொல்லி அஞ்சு நாள் ஆகல. போனத வாசல்ல நின்னு திரும்பக் கூப்பிட முடியாது. வறண்ட வானிலை நிலவும்னு போடு. கடலோரத்துல ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யக்கூடும்னு ஒரு வால் சேத்துக்கோ. பெஞ்சா வால் இருக்கு. பெய்யலன்னா தலை இருக்கு."

கிரேஸ் மேடம் இயந்திரத்தில் தாளைச் சுருட்டியபடி என்னைப் பார்த்தார். ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து வருகிறவர், கணவர் அங்கே டர்னர். வாயைத் திறக்காமலே கேலி செய்யத் தெரிந்த பெண்மணி. அன்று கேலி இல்லை. "அடிக்கட்டா?" என்று மட்டும் கேட்டார். சார் தலையசைத்தார். மாலை வானொலியில் தலையும் வாலுமாகப் படித்தார்கள்.

புதன்கிழமை சார் ஒரு கருத்தரங்குக்காகக் கோயம்புத்தூர் போனார். வியாழக்கிழமை காலை எண்கள் வந்தன. அழுத்தம் தெற்கேயும் இறங்கியிருந்தது, நம் கரையிலும் இறங்கத் தொடங்கியிருந்தது. வாரத்தின் நடுவில் திருத்தம் அனுப்ப வழி உண்டு. தலைவர் கையெழுத்து வேண்டும், அவர் இல்லையென்றால் தாமோதரன் கையெழுத்து. அவரோ இன்னும் திருத்தணியில், தொலைபேசி இல்லாத வீட்டில். அது இல்லாத தாளை வானொலியில் வாங்க மாட்டார்கள். வாங்கவும் கூடாது, யார் வேண்டுமானாலும் மழை என்று எழுதிக் கொண்டுவந்து கொடுத்துவிடலாமே.

கிரேஸ் மேடம் நான் கேட்பதற்கு முன்பே திருத்தத்தை அடித்து வைத்திருந்தார். "தாளு ரெடி தம்பி. கீழ கோடும் போட்டாச்சு. அந்தக் கோட்டு மேல யாரு ஏறி உக்காருவா?"

கோயம்புத்தூருக்கு டிரங்க் கால் போட்டோம். சாப்பாட்டு நேரத்தில்தான் கிடைத்தது. எண்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஓரிரு இடங்களில்னுதான் இருக்கே, ஏகாம்பரம்."

"சார், இது ஓரிரு இல்ல. ஊரெல்லாம் அறுத்துப் போட்டிருக்காங்க. நெல்லு தரையில கிடக்கு."

"சனிக்கிழம வந்து பாக்கறேன். வரைபடத்த எடுத்து வை."

ஃபோன் வைத்துவிட்டார். கிரேஸ் மேடம் தாளை உருவி, மடித்து, மேசைக்குள் போட்டார். "ஊருக்குப் போ தம்பி. இங்க ஒக்காந்து நகத்தக் கடிச்சி இன்னா ஆகப்போவுது?" என்றார்.

இந்த இடத்தில் என் அக்கா குடும்பத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அக்கா தேசம்மா. அவள் புருஷன் கன்னியப்பன், எனக்கு மாமா. ஆயுசு முழுக்க அடுத்தவர் கழனியில் அறுத்த மனிதர். பூந்தமல்லியில் குடியிருந்த ஒருவரின் ஒன்றேகால் ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். பட்டாதாரர் அவரல்ல, உழுகிறவர் என்ற உரிமை அவர் பேருக்குப் பதிவாகியிருந்தது. ஒவ்வொரு அறுவடைக்கும் பத்து மூட்டை அளந்துவிட வேண்டும், மிச்சம் இவருடையது. எங்கள் வம்சத்தில் 'நம்ம நெல்லு' என்று ஒருவர் சொன்னது அந்தக் கழனியை வைத்துத்தான். அந்தப் போகம் தவறினால் குத்தகை அளக்க முடியாது. அளக்காவிட்டால் கழனி கையை விட்டுப் போகும். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நான் போய் இறங்கியபோது வெயில் இன்னும் இருந்தது. கழனிகளில் முக்கால்வாசி அறுத்துப் போட்டிருந்தார்கள். அறுத்த பிடிகள் அரி அரியாகக் கிடந்து காய்ந்துகொண்டிருந்தன. மாமாவின் கழனி மட்டும் நின்றிருந்தது. வரப்பில் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"வா மச்சான். இன்னா இந்நேரத்துல? ஆபீசு லீவா?"

"நாளைக்கு அறுப்பு வெச்சிகிறியா மாமா?"

"ஆமா. ஆளுங்க சொல்லி கீது. உங்கக்கா கூழு காச்சறதுக்குக் கேவுரு அரைச்சிகினு கீறா."

"வேணாம், நிறுத்திடு. மழை வருது."

அவர் வானத்தைப் பார்த்தார். துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

"இன்னாடா இது? செவ்வாக்கெயம ரேடியோல வறண்ட வானிலைன்னு படிச்சான். நீ எழுதனதுதான அது?"

"நான் எழுதனது வேற மாமா. அவங்க படிச்சது வேற."

"குடிச்சிகிறியா?"

அக்கா அதற்குள் வந்துவிட்டாள். "அவன் இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் ஓடியாந்து பொய் சொல்லப் போறான்? கேளேன்யா" என்றாள். நடந்ததைச் சொன்னேன். மாமா அரிவாளின் கூர்மையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"அப்போ ஊருக்கும் சொல்லணுமே. அறுத்துப் போட்டவன்லாம் வாரிக் குமிச்சிட்டானா பொயச்சான்."

"சொல்லு மாமா. அத்தினி பேருக்கும் சொல்லு. என் பேர மட்டும் எடுக்காத. பிரிவுல இருந்துகினு தனியா யாருக்கும் மழை சொல்லக் கூடாது. தெரிஞ்சா வேல பூடும்."

"உன் பேரு இல்லாம இன்னான்னு சொல்றது? கன்னியப்பனுக்கு மொயங்கால் வலிக்குது, மழ வரும்னா?"

"ஏதாவது சொல்லேன்."

ஏதாவது சொன்னார். டீக்கடையில் போய், தெற்கே மின்னல் அடித்ததைப் பார்த்தேன், நெல்லை வாரி மூடுங்கள் என்றாராம். பக்கத்துக் கழனிக்காரர் நாகப்பன் கிளாசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாராம்: "இன்னா கன்னியப்பா, ரேடியோவுக்கே ரேடியோ வுடறியா? நம்ம ஏகா எழுதிக் குடுத்துகிறான், காயுமின்னு. உன் மச்சான விட நீ பெரிய படிப்பு படிச்சிகிறியா?" கடை முழுக்கச் சிரிப்பு. "கூலி குடுக்க துட்டில்லன்னு சொல்லேன் நைனா, இன்னாத்துக்கு மழ மேல பழிய போடற" என்று இன்னொருவர். மாமா அங்கே என் பெயரைச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. நான் கேட்டுக்கொண்டதற்காகச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கீழ்வானம் ஈயம் போல் ஆனது. நாலு மணிக்குத் தொடங்கிய மழை ஞாயிறு காலைவரை விடவில்லை. ஒருமுறை அடங்கும், ஆட்கள் ஓடிப்போய் அரியை வார ஆரம்பிப்பார்கள், மறுபடி கொட்டும். அறுத்துக் கிடந்த நெல் தண்ணீருக்குள் போனது. மாமாவின் கழனியில் பயிர் சாய்ந்தது. ஆனால் கதிர் தண்ணீருக்கு மேலே இருந்தது. இரண்டு மூன்று நாளில் ஆள் வைத்து அறுத்தால் தப்பித்துவிடும்.

திங்கட்கிழமை நான் ஊருக்குப் போனபோது நாகப்பன் அவருடைய கழனியில் இடுப்பு வளையக் குனிந்து, முளைவிட்ட நெல்லைக் கையால் அள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். அப்பாவோடு சேர்ந்து நாற்று நட்டவர், சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடத்தில் விட்டவர்.

"வாப்பா ஏகா. உன் மாமன் பயிரப் பாக்க வந்தியா? நல்லாத்தான் கீது, போய்ப் பாரு."

"அண்ணாத்தே, அது..."

"வியாயக்கெயம சாயங்காலம் நீ வந்துட்டுப் போனத எம் பேத்தி பாத்துகிறா. நீ வந்துட்டுப் போற, அவன் அறுப்ப நிறுத்தறான். எங்களுக்கு ஒரு ரேடியோ, உங்கூட்டுக்கு ஒரு ரேடியோவா?"

"மாமா டீக்கடைல சொன்னாரே அண்ணாத்தே."

"மின்னலு அடிச்சிதுன்னு சொன்னான். நீ சொன்னன்னு சொன்னானா? நீ சொன்னன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ராத்திரியோட ராத்திரியா கோணியப் போட்டு மூடியிருக்க மாட்டமா? உன் பேச்சக் கேக்காதவன் இந்த ஊர்ல எவன்டா கீறான்?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன்.

மாமாவின் கழனிக்கு ஆள் வரவில்லை. எங்கள் பக்கத்தில் அறுப்பு என்றால் ஒருவர் கழனிக்கு மற்றவர் இறங்குவது வழக்கம். இன்று நீ எனக்கு, நாளைக்கு நான் உனக்கு. அந்த வாரம் ஒருவரும் இறங்கவில்லை. தேசம்மா வீடு வீடாகப் போனாள். "எங்க நெல்லையே வாரலம்மா" என்றார்கள் சிலர். அது உண்மையும்கூட. சிலர் கதவையே திறக்கவில்லை. மாமா காட்டுப்பாக்கம் வரைக்கும் போய்க் கூலிக்கு ஆள் கேட்டார். மழை விட்ட வாரத்தில் எல்லா ஊரிலும் ஆள் தட்டுப்பாடு. நான் விடுப்புப் போட்டுவிட்டு வந்து அரிவாள் பிடித்தேன். அக்கா ஒரு முனையில், மாமா ஒரு முனையில், நடுவில் நான். சாய்ந்த பயிரை அறுப்பது நின்ற பயிரை அறுப்பது போல் இல்லை, ஒவ்வொரு பிடியையும் சேற்றிலிருந்து தூக்க வேண்டும். என் அப்பா அதைச் செய்யவிடாமல்தான் என்னைப் படிக்க வைத்தார். நான் ஒரு அரி போடுவதற்குள் அக்கா நாலு அரி போட்டாள். மூன்றாம் நாள் கதிரிலேயே முளை விட்டது.

விடுப்பு முடிந்து பிரிவுக்குத் திரும்பினேன். ஒவ்வொரு வாரமும் முடிந்த பிறகு, போன வார முன்னோட்டம் பலித்ததா என்று நாங்களே மதிப்பெண் போடுவோம். எத்தனை மழைமானி ஊர்களில் நனைந்தது என்று எண்ணிப் பார்ப்போம். மழை அதிகமாகக் கொட்டிய ஊர்களில் தொலைபேசிக் கம்பி அறுந்து, அங்கிருந்து அறிக்கை வரவில்லை. அறிக்கை வராத ஊர் எண்ணிக்கையில் சேராது. வந்த ஊர்கள் தள்ளி இருந்தவை, பெரும்பாலும் காய்ந்தவை. சார் கூட்டிப் பார்த்தார். நனைந்தவை கால்வாசிக்கும் கீழே.

"ஓரிரு" என்றார். "பலிச்சிருக்கு."

"சார், ஏரிக்கு இந்தப் பக்கம் முழங்கால் தண்ணி."

"அறிக்கை வந்துதா?"

வரவில்லை. 'சரி' என்று எழுதச் சொன்னார், கிரேஸ் மேடம் அடித்தார். அன்று அவர் அடித்த வேகத்தில் இயந்திரம் மேசையை விட்டு நகர்ந்தது.

ஊரார் நிவாரணம் கேட்டுத் தாலுகா ஆபீசில் ஒரு மனு கொடுத்தார்கள். மழை வராது என்று வானொலியில் சொன்னதை நம்பி அறுத்தோம், ஆனால் வானிலைப் பிரிவில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன் தன் அக்கா வீட்டுக்கு மட்டும் உண்மையைச் சொன்னான் என்று அதில் எழுதியிருந்தது. யாரோ எழுதத் தெரிந்தவர் எழுதியது, நல்ல தமிழ். மனுவின் முதல் பாதியைத் தள்ளிவிட்டார்கள். பருவமழை விடைபெற்றுவிட்டதால் அந்தக் கணக்கில் நிவாரணம் கிடையாதாம். இரண்டாம் பாதி எங்கள் பிரிவுக்கு வந்தது.

விசாரித்தவர் பத்மநாபன் சார்தான். உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார்.

"சொன்னியா?"

"சொன்னேன் சார்."

"இல்லன்னு சொல்லியிருக்கலாம். சாட்சி கிடையாது."

"நான் சொன்ன மழை பெஞ்சுது சார்."

"நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லலையே ஏகாம்பரம். சொன்ன இடம் தப்பு." காபியைக் குடித்து முடித்தார். "நானும்தான் பாத்தேன். நான் யாருக்காவது சொன்னேனா?"

பெருமையாகத்தான் சொன்னார். ஒரு வருட ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். வரைபட மேசையிலிருந்து எடுத்து மழைமானி பார்க்கும் வேலைக்குப் போட்டார்கள். தொண்ணூறுகளின் நடுவில்தான் மறுபடி மேசைக்கு வந்தேன். அதற்குள் சார் பதவி உயர்ந்து போய்விட்டார். அவருடைய இடத்துக்குத் தாமோதரன் வந்தார். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். பிற்பாடு நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்த வருடங்களில் அந்தக் கேள்வியை வாயால் கேட்கவில்லை. எனக்குக் கீழே வேலை பார்த்த பிள்ளைகள், நான் கேட்காமலே, மாட்டாத வாக்கியமாக எழுதிக்கொண்டு வந்தார்கள். எங்கே கற்றுக்கொள்கிறார்களோ.

நாகப்பன் அண்ணாத்தே எங்களோடு பேசாமலே போய்ச் சேர்ந்தார். என் கல்யாணத்துக்கு ஊரிலிருந்து வந்தவர்களை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிவிடலாம். வானொலியில் முன்னோட்டம் தொடங்கினால் டீக்கடைக்காரர் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவார் என்று கேள்விப்பட்டேன்.

கன்னியப்பன் மாமாவுக்கு அந்தப் போகத்தில் முளைத்தும் முளைக்காததுமாக நாலு மூட்டை தேறியது. குத்தகை பத்து மூட்டை. நிலத்துக்காரர் பூந்தமல்லியிலிருந்து வந்தார். சண்டை போடவில்லை, நல்ல மனிதர்போலத்தான் பேசினார். "குறையுற நெல்ல நான் கேக்கல கன்னியப்பா. கஷ்டத்துல கீறே, தெரியுது. உழவு உரிமய வுட்டுட்டேன்னு ஒரு கைநாட்டு வெச்சிடு, கணக்கு தீந்துது" என்றார். அளக்காத குத்தகைக்காக ஆபீசு, கோர்ட்டு என்று அலைய மாமாவுக்குத் தெம்பில்லை. எனக்குத் தெம்பிருந்தது, விசாரணையில் இருந்தவன் பேச்சு எடுபடவில்லை. அக்கா அன்று அடுப்பு பற்றவைக்கவில்லை. மாமா வைத்தார் கைநாட்டு.

அதன் பிறகு அவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லாரிக்குச் சரக்கு ஏற்றும் வேலைக்குப் போனார். முதுகு உள்ளவரை போனார். என்னிடம் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. மழை வருமா என்றும் ஒருநாளும் கேட்டதில்லை. ஒன்றேகால் ஏக்கரில் கல் நட்டு மனை போட்டார்கள், இப்போது அங்கே ஒரு கிடங்கு நிற்கிறது. அந்த இடத்தின் விலையைச் சொன்னால் தலை சுற்றும். ஆனால் எங்கள் வீட்டுக்கு அது போன விலை வேறு. பத்தில் நாலு போக மிச்சம் ஆறு மூட்டை. அன்றைய நெல் விலைக்கு அறுநூற்று அறுபது ரூபாய்.